ஆஸ்பத்திரி லைனில் ஓர் உலை

என் ஆய்வுக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய நடுவர் மூன்று வரிதான் எழுதியிருந்தார். மாதிரி சீரானதல்ல. வரைபில் தெரியும் சரிவு அழுக்கினால் வந்தது. வசதியுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் செய்த மாதிரியை வைத்து ஆசிரியர் மறுபடி முயலலாம்.

முதல் இரண்டு வரிகளைப் பொறுத்துக்கொண்டேன். அவை சரியாகவும் இருக்கலாம். மூன்றாவது வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கணினியை மூடிவிட்டு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் பின் கதவால் வெளியே போய் வெயிலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் வந்து பக்கத்தில் நின்றார். ஏறாவூர்க்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய வீட்டில் தங்கைகள் அவரை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே நானும் ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன்.

"என்ன மிஸ், முகம் ஒரு மாதிரி இரிக்கி?"

"எங்கட வில்லை அழுக்காம், ராத்தா."

"ஆரு சொன்ன?"

"தெரியாது. பேர் போடமாட்டாங்க."

"அவரு வந்து பாத்தாரா நாம அரைச்சத?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராத்தா சிரிக்கவில்லை. அந்தத் தூளை மூன்று நாள் கல் உரலில் அரைத்தவர் அவர்தான். முகக்கவசத்துக்குள் மூச்சு முட்ட, மணிக்கட்டு வீங்க அரைத்திருந்தார்.

நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். இற்றியம், பேரியம், செம்பு மூன்றின் தூள்களையும் அளந்து சேர்த்து, அரைத்து, அழுத்தி, உலையில் சுட்டால் கறுப்பாக ஒரு வில்லை கிடைக்கும். பெரிய சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். அதைக் குளிர்விக்கக் குளிர்விக்க மின்னுக்கு அது காட்டும் தடை மெல்லக் குறையும். பூச்சியத்துக்குக் கீழே நூற்றியெண்பது பாகையை நெருங்கியதும் தடை ஒரேயடியாக இல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகு அது மீகடத்தி. உள்ளே தனித்தனியாக முட்டி மோதிக்கொண்டு போன இலத்திரன்கள் சோடி சேர்ந்து, ஒன்றிலும் முட்டாமல் ஓடத் தொடங்குவதால் இது நடக்கிறது.

பாடப்புத்தகப் படத்தில் அந்தக் கோடு செங்குத்தாக விழும். உண்மையான வில்லையில் அப்படி விழாது. அந்த எல்லைக்குப் பத்துப் பாகை, சிலவேளை இருபது பாகை மேலே இருக்கும்போதே கோடு சரியத் தொடங்கிவிடும். அங்கே சோடிகள் நிலையாகச் சேர்ந்திருக்காது. சேரும், உடையும், வேறொரு இடத்தில் மறுபடி சேரும். இதைத்தான் தளம்பல் என்கிறோம். ஒரு சோடியின் ஆயுளைச் சொல்ல நாம் அன்றாடம் பழகும் எந்த நேரக் கணக்கும் காணாது, அவ்வளவு சிறியது. ஆனால் அந்த ஆயுளுக்குள் அது மின்னைக் கொஞ்சத் தூரம் தடையில்லாமல் கொண்டுபோய்விடுகிறது. அப்படி எண்ணற்ற சோடிகள் செய்வதால் தடை முன்கூட்டியே தளர்கிறது. நான் அளக்க நினைத்தது அந்தத் தளர்வை.

நடுவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வில்லை சரியாக வேகாமல், ஒரு பக்கம் ஒரு வெப்பநிலையிலும் மறுபக்கம் வேறொன்றிலும் மீகடத்தியாக மாறினாலும் கோடு இப்படித்தான் சரியும். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தளம்பல் எது, அழுக்கு எது என்று ஒரு வில்லையை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

ராத்தாவுக்கு இதை விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அழுக்கெண்டா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரி வரணுமே மிஸ். அழுக்கு அளந்தா விழும்?"

நான் அவரைப் பார்த்தேன். மூன்று வருடம் வெளிநாட்டில் படித்த எனக்கு அந்தக் கேள்வியை இவ்வளவு சுருக்கமாகக் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து வில்லைகள் செய்வது. ஐந்தையும் தனித்தனியாக அளந்து, தனித்தனியாக அரைத்து, வேறு வேறு நாட்களில் சுடுவது. ஐந்தும் ஒரே விதமாகச் சரிந்தால் அது அழுக்கு அல்ல. அங்கே வெயிலில் நின்றபடியே முடிவெடுத்தோம். வசதியுள்ள வேறு ஆய்வுகூடத்துக்குப் போவதில்லை. இங்கேயே செய்வது.

முடிவெடுத்த வருடம்தான் பொல்லாத வருடம். நாட்டில் எரிபொருள் இல்லை, காஸ் இல்லை, மின்சாரம் அரைநாளுக்குக்கூட இல்லை. எங்கள் உலைக்கு இருபத்துநான்கு மணி நேரம் விடாமல் மின்சாரம் வேண்டும். தொள்ளாயிரம் பாகைக்கு மேலே ஏற்றி, அங்கே பிடித்துவைத்து, பிறகு ஒட்சிசன் விட்டு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். முதல் வில்லையை உள்ளே வைத்து ஏழாவது மணியில் மின்வெட்டு. நான்கு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது, மறுபடி போனது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் கறுப்பாக இருக்க வேண்டிய வில்லையில் பாசி பிடித்ததுபோல் பச்சைத் திட்டுகள். அப்படிப் பச்சை தெரிந்தால் அது மீகடத்தி அல்ல, வெறும் ஓட்டுத் துண்டு. இரண்டாவதும் பச்சை. மூன்றாவதை எடுக்கும்போதே இரண்டாக உடைந்தது.

அந்த உடைந்த துண்டுகளை வெள்ளைத் தாளில் வைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ராத்தா கேட்டார்:

"மிஸ், ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் வெட்டுறல்லயே?"

"இல்ல. ஏன்?"

"எங்கட தங்கச்சிட வீடு ஆஸ்பத்திரி லைன்ல இரிக்கி. அங்க கரண்ட் போறல்ல. ஊரே இருட்டு, அவட வீட்டில மட்டும் வெளிச்சம். சொந்தக்காரர் எல்லாரும் அங்கதான் போன் சாச் பண்ணப் போற."

உலையை அங்கே கொண்டுபோவோம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் உலையைத் திரும்பிப் பார்த்தோம். பழைய இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும், இரண்டு பேர் தூக்கலாம்.

வெளியே கொண்டுபோக அனுமதிக் கடிதம் எழுதி வாங்க எட்டு நாள் ஆனது. நஞ்சுத் தூள் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்தேன். பேரியம் உள்ளே போனால் ஆபத்து. அந்த வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். அரைப்பது, இரசாயனத் துறையின் சிறிய உலையில் முதல் சூடு, அழுத்துவது எல்லாம் மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து ஆய்வுகூடத்திலேயே முடித்து, அழுத்திய வில்லையை வெப்பம் தாங்கும் மூடியுள்ள மூசைக் கிண்ணத்துக்குள் வைத்துத்தான் கொண்டுபோவது.

ஆட்டோவில் உலை ஒரு பக்கம், நாங்கள் இருவரும் ஒரு பக்கமாக ஒடுங்கி உட்கார்ந்து போனோம். ஒட்சிசன் சிலிண்டரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டோம். ஏறாவூருக்குச் சற்று முன்னால் பொலிசார் மறித்தார்கள். இளம் பொலிஸ்காரர் ஒருவர் உள்ளே குனிந்து பார்த்தார். தடித்த வயர்கள் தொங்கும் ஓர் இரும்புப் பெட்டி. பக்கத்தில் ஹபாயா போட்ட ஒரு பெண். பொலிஸ்காரரின் முகம் மாறியதைக் கண்டேன். ராத்தா மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். அவர் அப்படி இருந்து நான் கண்டதில்லை. ஆய்வுகூடத்தில் அவர்தான் எல்லோரையும் அதட்டுகிறவர்.

"இது மொனவாத? என்ன?" என்றார் பொலிஸ்காரர்.

நான் கடிதத்தை நீட்டி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஆராய்ச்சி உலை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கதவைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே வெள்ளைச் செங்கல். அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாண் போரணையா?" என்று, ரொட்டி சுடும் அடுப்போ என நினைத்துக் கேட்டார்.

ராத்தா அப்போதுதான் வாய் திறந்தார். "ஓம் மாத்தயா. ஆனா இதில சுடுற பாண தின்னேலா."

பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். போகச் சொன்னார். ஆட்டோ கொஞ்சத் தூரம் போன பிறகு ராத்தாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். குளிர்ந்து போயிருந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு எப்பயும் இப்பிடித்தான் மிஸ். ஆனா திரும்பிப் போறதில்ல" என்றார்.

தங்கை வீட்டின் பின்பக்கம் தையல் மெசின் வைக்கும் சிறிய அறை. கூரை தகரம், தரை சீமெந்து, கதவுக்குப் பூட்டு இருந்தது. தங்கையின் கணவருக்குக் கட்டாரில் வேலை. அவர் போனில் அனுமதி கொடுத்துவிட்டாராம். தங்கைக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது.

"ராத்தா, இது வெடிக்குமா?"

"வெடிக்கிறத உன்ட வீட்டில வெப்பனா?"

"மிஸ் நீங்க சொல்லுங்க."

"வெடிக்காது தங்கச்சி. ஆனா தொட்டா சுடும். பிள்ளைகள உள்ள விடாம பூட்டி வைக்கணும்."

தங்கை சாவியைத் தாலிக்கொடியைப்போல் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். உலை அந்த வீட்டில் இருந்த ஆறு மாதமும் அது அங்கேதான் இருந்தது.

வெப்பநிலையை யாராவது அவ்வப்போது பார்த்து எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் பார்த்தால் போதும் என்றேன். தங்கை யோசித்துவிட்டு, "அப்ப ஒவ்வொரு தொழுகை முடியவும் பாக்கிறன். அது எனக்குத் தவறாது" என்றார். மகளின் பழைய கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் கோடு கீறி, சுபஹ், ளுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஐந்து நிரல் போட்டார். நான் பார்த்த எந்த ஆய்வுகூடக் குறிப்பேட்டிலும் அவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை. ஓர் இடம்கூட வெற்றாக இல்லை. ஒரு மாலை ஏழு பாகை குறைந்திருந்ததை அவர்தான் கண்டு போன் பண்ணினார். கம்பி முனை ஒன்று தளர்ந்திருந்தது. நான் போய் இறுக்கினேன். அந்த வில்லை தப்பியது.

நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. அந்த வீட்டுப் பெண் ஆசிரியை. "உங்கட வீட்டில என்ன ஓடுது? எங்கட பேன் சுத்துதில்ல, லைட் மங்குது" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாராம். உலை சூடேறும் மூன்று மணி நேரம்தான் அதிகம் இழுக்கும். ஏறிய பிறகு அவ்வளவு இழுக்காது. அவர் பள்ளிக்கூடம் போயிருக்கும் காலை வேளையில் மட்டும் சூடேற்றுவது என்று மாற்றினோம். நோன்புக் கஞ்சி ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு தங்கை நேரில் போய் விஷயத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு ஆசிரியையே சில நாள் வேலிக்கு மேலால் "இண்டைக்கு எத்தின பாகை?" என்று கேட்கத் தொடங்கினார்.

ஆறாவது முயற்சியில் முதல் நல்ல வில்லை வந்தது. மூசையைத் திறந்ததும் ராத்தா வில்லையை இடுக்கியால் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கன்னங்கரேலென்று இருந்தது. பச்சை ஒரு புள்ளிகூட இல்லை. "இத வந்து பாக்கச் சொல்லுங்க அவர" என்றார். பேரில்லாத அந்த நடுவரைச் சொன்னார்.

குளிர்விக்கத் திரவ நைதரசன் வேண்டும். அது எங்களுக்கு மாட்டு வைத்தியர்களிடமிருந்து வந்தது. நல்ல இனக் காளைகளின் விந்தைக் கெடாமல் வைத்திருக்க அவர்கள் அதைப் பெரிய குடுவைகளில் நிரப்பி வைப்பார்கள். அவர்களின் தேவை போக மிஞ்சுவதில் ஒரு குடுவை எங்களுக்குத் தருவதாகப் பேச்சு. சினைப்படக் காத்திருக்கும் மாடுகளுக்கு அடுத்ததாகத்தான் எங்கள் முறை. லொறி வராத வாரங்களில் வில்லைகளை ஈரம் படாதிருக்கக் காய்ந்த அரிசி போட்ட போத்தலில் அடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

நோன்புப் பெருநாள் முடிந்து ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. ஐந்து நல்ல வில்லைகள் சேர்ந்தன. அவற்றுக்காக நாங்கள் சுட்டவை பதினான்கு. ஐந்தையும் ஒவ்வொன்றாக அளந்தோம். ஐந்தாவதை அளந்து முடித்த மத்தியானம் ஐந்து கோடுகளையும் ஒரே படத்தில் போட்டேன். திரையில் ஒரு கோடுதான் தெரிந்தது. கணினி பிழை செய்துவிட்டதோ என்று ஒவ்வொன்றையும் மறைத்து மறைத்துப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன. எல்லைக்கு மேலே அவை சரிந்த விதமும், கோட்பாடு சொல்கிற வளைவும் ஒத்துப்போயின.

"ஒண்டுதான் தெரியுது மிஸ்" என்றார் ராத்தா பின்னால் நின்று.

"அஞ்சு கிடக்கு ராத்தா."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் ஆறிப்போன தேநீரைக் குடித்தோம்.

அந்தப் படத்தை வெளிநாட்டில் என்னை மேற்பார்வை செய்த பேராசிரியருக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில். அழகான வேலை என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில், நானாக இருந்தால் மின்தடையோடு நிற்கமாட்டேன், வெப்பத்திடமும் கேட்பேன் என்றிருந்தது.

வெப்பத்திடம் கேட்பது என்றால் இப்படி. வில்லையின் ஒரு முனையைக் கொஞ்சம் சூடாக்கி மறுமுனையைக் குளிராக வைத்தால் வெப்பம் ஒரு முனையிலிருந்து மற்றதற்கு ஓடும். குறுக்கே ஒரு காந்தத்தை வைத்தால், தளம்பும் சோடிகள் உள்ளே இருக்குமானால், பக்கவாட்டில் மிகச் சிறிய ஒரு மின்னழுத்தம் தோன்றும். சாதாரண இலத்திரன்கள் மட்டும் இருந்தால் அது கிட்டத்தட்டத் தோன்றாது. சோடிகள் தாங்களே வந்து கையெழுத்துப் போடுவதுபோல. அழுக்கு, சீரின்மை என்று எவரும் இலகுவில் தட்டிக்கழிக்க முடியாத சாட்சி. ஆனால் அந்த மின்னழுத்தம் ஒரு வோல்ற்றைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றிரண்டு பங்கு. எங்களிடம் இருந்த எந்த மானிக்கும் அது தெரியாது.

ஒரு மாதம் எல்லா இடத்துக்கும் எழுதினேன். மலைநாட்டில் ஒரு நிறுவனத்தின் களஞ்சிய அறையில், கழிக்கப்பட்ட சாமான்களின் பட்டியலில், பற்றரியில் ஓடும் பழைய நுண்மானி ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. எண் காட்டாது, ஊசிதான். போய் வாங்கி, பதுளை வீதி வழியாக பஸ்ஸில் ஏழு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செங்கலடியில் இறங்கும்போது கால்கள் மரத்துப்போயிருந்தன. அங்கேயே ஒரு லேத் கடையில் இரும்பு வளையம் ஒன்று கடையக் கொடுத்து, அதில் இரண்டு வலுவான காந்தங்களைப் பதித்தோம். வில்லை இருக்கும் நைதரசன் குடுவையின் ஒடுங்கிய வால் அவற்றுக்கு நடுவே இறங்கும். வளையத்தைச் சுற்றிக் காந்தத்தின் திசையை மாற்றலாம்.

ஊசி ஒரு கணமும் நிற்கவில்லை. மேலே சுற்றும் மின்விசிறி, குழல்விளக்கு, பக்கத்து அறைக் குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றுக்கும் அது துள்ளியது. ஒவ்வொன்றாக நிறுத்தினோம். வியர்த்து ஊற்றியது. அப்போதும் துள்ளியது. கீழ் மாடியில் யாரோ நீர்ப் பம்பு போட்டால் துள்ளியது. மூன்று வாரம் இப்படிப் போனது. ராத்தா கன்னத்தில் கை வைத்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலை, பத்து மணிக்கு மின்வெட்டு வந்தது. கட்டிடம் முழுவதும் அடங்கியது. ஊசி மெல்ல ஆடி, நடுக்கோட்டில் வந்து நின்றது.

"மிஸ்" என்றார் ராத்தா தாழ்ந்த குரலில். "அசையாதீங்க."

அன்றிலிருந்து மின்வெட்டு நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டி, வில்லைக்கான சிறு சூடேற்றியையும் வெப்பமானியையும் கார் பற்றரியில் ஓட்டி, வெட்டு வரும் நேரங்களில் மட்டும் அளந்தோம். மற்றவர்கள் அலுத்துக்கொண்டு வெளியே மரநிழலுக்குப் போகும் நேரத்தில் நாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்துவோம்.

ஊசி அசைகிறது என்று நான் நம்ப விரும்பினேன். அதுதான் எனக்குப் பயம். ஒரு வருடம் முழுவதும் ஒன்றை விரும்பியவள் ஊசியில் அதைத்தான் காண்பாள். அதனால் நான் ஊசியை மட்டும் பார்ப்பது, ராத்தா தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து வளையத்தைச் சுற்றுவது, எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லாமல் இருப்பது என்று ஏற்பாடு செய்தோம். எப்போது திருப்புவது என்பதை ராத்தாவும் தீர்மானிக்கக் கூடாது. அவர் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். போட்டு, வெள்ளை விழுந்தால் அரைச் சுற்று. கறுப்பு விழுந்தால் முழுச் சுற்று. இரண்டையும் ஒரே அளவு நேரம் எடுத்துத்தான் சுற்றுவார். சத்தத்தில் எனக்கு வித்தியாசம் தெரியக் கூடாது அல்லவா. அவர் தன் தாளில் திசையை எழுதுவார். ஒரு நிமிடம் பொறுத்து நான் என் தாளில் ஊசி வலமா இடமா என்று எழுதுவேன்.

மீகடத்தியாகும் எல்லைக்கு ஒரு பாகை மேலே இருபது தரம் செய்தோம். பிறகு இரண்டு பாகை, மூன்று, ஐந்து, பத்து. நாலு மின்வெட்டுகள் எடுத்தன. அதுவரை தாள்களை ஒப்பிடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தோம். ராத்தா தன் தாள்களை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார்.

கடைசி நாள் மேசையில் இரண்டு பேருடைய தாள்களையும் அருகருகே வைத்தோம். அவர் வாசித்தார், நான் சரி போட்டேன். ஒரு பாகை மேலே, இருபதும் சரி. இரண்டு பாகை மேலே, இருபதும் சரி. மூன்றில் பதினெட்டு. ஐந்தில் பதினாலு. பத்துப் பாகைக்குப் போனபோது பதினொன்று சரி, ஒன்பது பிழை. அங்கே நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். சோடிகள் எல்லைக்குப் பக்கத்தில் நிறைய இருந்தன. மேலே போகப் போகக் குறைந்தன. பிறகு எங்கள் ஊசிக்கு எட்டாமல் மறைந்தன. எங்கே தெரிய வேண்டுமோ அங்கே தெரிந்து, எங்கே மறைய வேண்டுமோ அங்கே மறைந்தன.

ராத்தா அழுதார். நான் முதலில் எதையோ தட்டிவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். "ஒண்டுமில்ல மிஸ். அந்தப் பத்துப் பாகையில பிழைச்சதுதான் எனக்குச் சந்தோஷம். அப்ப மத்தது பொய்யில்ல" என்றார்.

கட்டுரையை எழுதி, ஆசிரியர் வரிசையில் இரண்டு பேர் போட்டேன். என் பெயர், அவருடைய பெயர். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கோபக்காரர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தொழில்நுட்ப உத்தியோகத்தர்மாரிட பேர கடைசியில நன்றி எண்டு போடுறதுதான் வழக்கம், பிள்ள."

"தெரியும் சேர்."

"இப்பிடிப் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"வேலை செஞ்சவங்க கேக்கட்டும் சேர். அஞ்சு வில்லை எண்ட யோசனையும் அவட. உலைய மாத்தினதும் அவ. புளியங்கொட்டையும் அவட. அவட பேர எடுக்கிறதெண்டா என்ட பேரையும் எடுக்கணும்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "புளியங்கொட்டை என்னது?" என்று கேட்டார். சொன்னேன். முழுதும் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாள்களைக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, "அனுப்பு" என்றார்.

ராத்தாவோ என்மேல் கோபித்துக்கொண்டார். "எனக்கு என்னத்துக்கு மிஸ் பேரு? ஆக்கள் சிரிப்பாங்க" என்று இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்து, வேறு வேலையில் இருப்பதுபோல் மேசையைத் துடைத்துக்கொண்டே, தன் தகப்பனின் பெயருக்குரிய முதலெழுத்து சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று கேட்டார். பிழையாகத்தான் போட்டிருந்தேன். திருத்தினேன்.

கட்டுரையை முதலில் அனுப்பிய இடத்துக்கே அனுப்பினேன். வேண்டுமென்றேதான். நடுவர்களில் ஒருவர் ஆறு கேள்வி கேட்டிருந்தார். கடினமான கேள்விகள், ஆனால் வேலையைப் பற்றிய கேள்விகள். எங்கே செய்தீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நாங்கள் இன்னும் இரண்டு வில்லை சுட வேண்டியிருந்தது. சுட்டோம். நான்கு மாதம் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். நன்றி சொல்லும் பகுதியில், ஐந்து வேளையும் தவறாமல் வெப்பநிலையைக் குறித்துத் தந்த ஒரு குடும்பத்துக்கு என்று ஒரு வரி போட்டேன். தங்கை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கட்டாருக்கு அனுப்பினாராம். அவருடைய கணவர் தங்குமிடத்தில் கூட இருப்பவர்கள் எல்லோருக்கும் காட்டினாராம்.

இப்போது மின்சாரம் ஒழுங்காக வருகிறது. உலை ஆய்வுகூடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. ஊசி மட்டும் மறுபடி துள்ளுகிறது. அதற்குச் செம்புத் தகட்டில் ஒரு சிறிய அறை அடித்துக்கொண்டிருக்கிறோம். அடுத்ததாக ஒட்சிசன் குறைவான வில்லைகளைச் செய்கிறோம். அவற்றில் தளம்பல் இன்னும் அகலமாக, எல்லைக்கு மிக மேலேயும் நீளும் என்று சிலர் சொல்கிறார்கள், இல்லை என்று சிலர். எங்களுக்கு இரண்டு தரப்பும் தெரியும், இரண்டையும் நம்பவில்லை. இந்த வாரம் சுட்ட வில்லை விரிசல் விட்டு உடைந்துவிட்டது. ராத்தா துண்டுகளைத் தாளில் கூட்டி எடுத்துத் திகதி எழுதி வைத்துவிட்டு, அடுத்த தூளை நிறுக்கத் தராசைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.